கொம்புள்ள மண்டையும் குளத்து முதலையும்

ஆவணியில் இரணைமடுக் குளம் வற்றி அலைகரை வெடித்துக் கிடக்கும் நாட்களில், மீன்பிடிக்கப் போகிறவர்கள் தண்ணீரைப் பார்க்கும் பார்வையே வேறு. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரே நேர்கோட்டில் தெரியும் மேடுகளை அவர்கள் கண் தேடும். முன்னால் மூக்குத்துளைகளின் மேடு, பின்னால் இரண்டு கண்கள், அதற்கும் பின்னால் பலகைபோலத் தட்டையான மண்டையின் உச்சி. உடல் முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும். மூக்குக்கும் கண்ணுக்கும் இடையிலான தூரத்தை வைத்தே இது குட்டியா, வளர்ந்ததா, ஒதுங்கிப்போக வேண்டியதா என்று பழகிய கண் சொல்லிவிடும். தலையின் நீளத்தைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு உடல் என்பது முதலைகளை அளப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கு தெரியாமலே எங்கள் மீனவர்கள் அதைப் பாவிக்கிறார்கள்.

தண்ணீருக்கு மேல் தெரியும் அந்தக் கோடு முழுக்க முழுக்க மண்டையோட்டின் வேலை. மூச்சுவிடும் துளையும் கண்ணும் காதும் ஒரே தளத்தில் வரும்படி எலும்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கண்ணுக்குப் பின்னால், மண்டைப் பலகையின் விளிம்புக்குக் கீழே, ஒரு மடல் காதை மூடித் திறக்கிறது. வாயைத் திறந்து இரையைப் பிடித்தபடி தண்ணீருக்குள் கிடந்தாலும் மூச்சு நிற்காது. மூக்கிலிருந்து வரும் காற்று அண்ணத்து எலும்புகளுக்கு மேலே நீண்ட குழாய் வழியே தொண்டையின் அடிவரை போய்த் திறக்கிறது. அந்த உள்மூக்குத் துவாரம் எந்த எலும்பில், எந்த வடிவத்தில் திறக்கிறது என்பது சின்ன விவரமாகத் தோன்றும். முதலைகளின் உறவுமுறை பற்றிய நூற்றைம்பது ஆண்டு வழக்கில் அந்தத் துவாரம் முக்கியமான சாட்சி.

வழக்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அழிந்துபோன ஒரு தீவு முதலை யாருடைய உறவு என்பதை அதன் மண்டையோடு ஒருவிதமாகவும் மரபணு வேறுவிதமாகவும் சொன்ன கதை இது. அந்த முதலை வாழ்ந்தது மடகஸ்காரில். வன்னியில் இருந்துகொண்டு அதைப் பற்றி ஏன் எழுத வேண்டும்? நாங்களும் தீவில் இருக்கிறோம். எங்கள் குளங்களிலும் முதலை இருக்கிறது. அதற்கும் ஒரு காலத்தில் தனித் தீவு முதலை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். இரண்டு தீவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தீவு என்ற சொல்லுக்கு உயிரியலில் என்ன எடை என்பது விளங்கும்.

முதலில் எங்கள் மண்டையோடு. இலங்கையில் இரண்டு முதலையினங்கள் வாழ்கின்றன. வன்னியின் குளங்களில் இருப்பது சதுப்பு முதலை. ஈரானின் பலுச்சிஸ்தானத்திலிருந்து இந்தியா, நேபாளம் வழியாக இலங்கை வரை பரந்திருக்கும் இனம். மற்றது செம்மூக்கன். நில்வளா கங்கை போன்ற தென்மேற்கு ஆறுகளிலும் கழிமுகங்களிலும் வாழும் பெரிய உவர்நீர் முதலை. இரண்டின் மண்டையோட்டையும் அருகருகே வைத்தால் பிள்ளைகளும் பிரித்துச் சொல்லலாம். சதுப்பு முதலையின் முகரை தன் பேரினத்திலேயே மிக அகன்றது. மேற்பரப்பில் பெரிய வரம்புகள் கிடையாது. செம்மூக்கனுக்குக் கண்குழிகளின் முன்விளிம்பிலிருந்து மூக்கு நோக்கி இரண்டு எலும்பு வரம்புகள், வயலுக்கு நடுவே கட்டிய வரப்புபோல ஓடும். பற்களிலும் வித்தியாசம் உண்டு. முகரையின் நுனி எலும்பில் பக்கத்துக்கு ஐந்து பல்லோடு பிறக்கும் செம்மூக்கன் வளர வளர இரண்டாவது பல்லை இழந்து நான்கோடு நிற்கும்; சதுப்பு முதலைக்கு ஐந்தும் இருக்கும். உயிரோடு இருக்கையில் பிடரியைப் பார்த்தாலே போதும். தலைக்குப் பின்னால் உடனடியாக ஒரு வரிசைப் பெரிய செதில்கள் இருந்தால் குளத்து முதலை; அந்த இடம் வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் செம்மூக்கன்.

இந்த வகைப் பிரிப்பு தமிழுக்குப் புதிதல்ல. குறிஞ்சிப்பாட்டு ஒரே மூச்சில் முதலை, இடங்கர், கராம் என்று மூன்றைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. எது எது என்று உரையாசிரியர்கள் இன விளக்கம் தந்து தீர்த்துவைக்கவில்லை. ஆனால் ஆற்றுச் சுழியில் கிடப்பது எல்லாம் ஒன்றல்ல என்று ஒரு புலவர் அறிந்திருந்தார் என்பது தெளிவு. இன்று நாம் மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம். இடங்கர், கராம் என்ற இரண்டு சொற்களும் பேச்சிலிருந்து போனது எனக்கு மனத்தாங்கல்.

இலங்கை முதலைகளை எலும்பும் செதிலுமாகப் படித்த முதல் பெரிய பெயர் பி. இ. பி. தெரணியகல. 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்தவர். இலங்கைச் சதுப்பு முதலையைத் தனித் துணையினமாக 1936இல் அறிவித்து, கிம்புலா என்று பெயர் வைத்தார். சிங்களத்தில் முதலை என்றே அதற்குப் பொருள். பின்னர் செம்மூக்கனுக்கும் மினிகன்னா என்று தனித் துணையினப் பெயர் கொடுத்தார். மனிதரைத் தின்பது என்று அர்த்தம். தீவில் கிடைத்த எதையும் தீவுக்கே உரியதாகப் பிரித்துக் காணும் கண் அவருக்கு இருந்தது. இரத்தினபுரியின் மாணிக்கப் படிவுகளில் கிடைத்த நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகளையும் அப்படியே தனி இனங்களாக விவரித்தார். குருவிட்டவில் கிடைத்த இரண்டே பற்களை வைத்து, அழிந்துபோன இலங்கைச் சிங்கம் ஒன்றையும் 1939இல் அறிவித்தார். அவருடைய உழைப்பு இல்லையென்றால் இந்தத் தீவின் தொல்விலங்குகளைப் பற்றி இன்று பேச அடித்தளமே இருக்காது. ஆனால் அந்த முதலைத் துணையினப் பெயர்களைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்று ஏற்பதில்லை. என் தீர்ப்பும் அதுதான். அதற்கான காரணம் மண்டையோட்டில் இல்லை, கடலில் இருக்கிறது.

பாக்குநீரிணையின் பெரும்பகுதி 15 மீற்றரும் ஆழமில்லாத கடல். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகின் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. அப்போது பூநகரிக்கும் தொண்டிக்கும் இடையில் கடல் இல்லை, தரை இருந்தது. அதில் ஆறுகள் ஓடியிருக்கும், மடுக்கள் இருந்திருக்கும், அவற்றில் முதலையும் இருந்திருக்கும். அதற்கு முந்தைய பனியுகங்களிலும் இதே கதை திரும்பத் திரும்ப நடந்தது. ஆக வன்னியின் முதலை தீவு முதலையானது கடைசியாகக் கடல் ஏறிய பிறகுதான். சில ஆயிரம் ஆண்டுகள். பெட்டை முதலை பருவத்துக்கு வரவே பல ஆண்டுகள் எடுக்கும் ஒரு விலங்குக்கு, சில ஆயிரம் ஆண்டு என்பது சொற்பத் தலைமுறைகள். அதற்குள் மண்டையோடு புதிய வடிவம் எடுக்க அவகாசமில்லை. அதே பலகை, அதே அகன்ற முகரை, தமிழ்நாட்டின் அமராவதி அணையில் கிடக்கும் உறவினனுக்கு இருப்பதுபோலவே இருக்கும்.

மடகஸ்கார் அப்படியல்ல. ஆபிரிக்காவுக்கும் அதற்கும் இடையில் மொசாம்பிக் கால்வாய் மிக ஒடுங்கிய இடத்திலும் சுமார் 400 கிலோமீற்றர் அகலம், ஆழமான கடல். எந்தப் பனியுகமும் அதை வற்றவைக்கவில்லை. அந்தத் தீவு ஆபிரிக்காவிடமிருந்து ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், இந்திய நிலத்திடமிருந்து சுமார் 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பும் பிரிந்தது. இன்றைய முதலைக் குடும்பம் அவ்வளவு பழையதல்ல. ஆகவே அங்கே ஒரு முதலை இருந்தால் அதன் மூதாதை கடலைக் கடந்தே வந்திருக்க வேண்டும். முதலைக் குடும்பத்துக்கு அதற்கான வசதி நாக்கிலேயே இருக்கிறது. உப்பை வெளியேற்றும் சுரப்பிகள் அதன் நாக்கில் உள்ளதை 1981இல் டாப்ளின், கிரிக் என்ற இரு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். நன்னீர்க் குளத்திலேயே வாழ்ந்து முடியும் முதலைகளுக்கும் அந்தச் சுரப்பி உண்டு. எப்போதோ கடலோடு பழகிய குடும்பத்தின் அடையாளம் அது.

பிரெஞ்சு ஆய்வுப்பயணி அல்பிரட் கிராந்திதியேர் மடகஸ்காரின் தென்மேற்கில் ஒரு சதுப்பு நிலத்தைத் தோண்டியபோது கிடைத்த எலும்புகள் அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோயின. பறக்க இயலாத யானைப்பறவை, குட்டை நீர்யானை ஆகியவற்றின் எச்சங்கள் அங்கிருந்துதான் வந்தன. அவற்றோடு ஒரு பெரிய முதலையின் எலும்புகளும் இருந்தன. 1872இல் லெயோன் வாயான் என்ற விலங்கியலாளரோடு சேர்ந்து அதற்குப் பெயர் சூட்டினார். பேரினம் குரோகோடைலஸ், அதாவது இன்றைய உண்மை முதலைகளின் பேரினம். சிறப்புப் பெயர் ரோபஸ்டஸ், திண்மையானது. பெயர் பொருந்தியது. ஐந்து மீற்றர் வரை வளர்ந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். அண்மைக் காலத்தில் அந்தத் தீவில் இருந்த ஊனுண்ணிகளில் இதைவிடப் பெரியது கிடையாது.

அடுத்த நூறு ஆண்டுக்கு மேலாக அதை நைல் முதலையின் நெருங்கிய உறவாகவே பார்த்தார்கள். மடகஸ்காரில் இன்று வாழ்வது நைல் முதலை. எனவே பழையதும் அதன் தடித்த அண்ணன் என்று எண்ணுவது இயல்புதான். நூதனசாலைப் பெட்டிகளில் இரண்டின் எலும்புகளும் கலந்து கிடந்தன. ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தவர் ஐயோவா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் புரோஷு. அவருடைய 2007ஆம் ஆண்டுக் கட்டுரை இந்தத் துறையில் ஒரு திருப்பம்.

அவர் கண்டதை மேலிருந்து கீழாகச் சொல்கிறேன். மண்டைப் பலகையின் பின்மூலை இரண்டும் பின்னோக்கியும் வெளிநோக்கியும் மேலெழுந்து முக்கோணக் கொம்புகளாக நிற்கின்றன. மாட்டுக் கொம்புபோல அது தனியான உறுப்பல்ல. காதுக்கு மேலே கூரையாக இருக்கும் எலும்பின் மூலையே அப்படி நீண்டிருக்கிறது. வயதோடு அது பெருக்கும். முகரையின் முன்னால் பார்த்தால் இன்னொரு விசித்திரம். பெரும்பாலான முதலைகளுக்கு நாசி எலும்புகள் இரண்டும் முன்னோக்கி நீண்டு மூக்குத்துளையின் பின்விளிம்பைத் தொடும். இந்த மண்டையில் அவை அந்த விளிம்பிலிருந்து கிட்டத்தட்ட ஒதுக்கப்பட்டுவிட்டன. பக்கத்து எலும்புகள் இடத்தை நெருக்கி எடுத்துக்கொண்டன. பிறகு மண்டையைக் கவிழ்த்தால் அண்ணத்தின் பின்பகுதி, உள்மூக்குத் துவாரம். அதன் அமைப்பிலும் மண்டையின் வேறு சில பொருத்துகளிலும் புரோஷு நைல் முதலையைக் காணவில்லை. மேற்கு, மத்திய ஆபிரிக்காவின் காட்டு ஓடைகளில் வாழும் ஒஸ்டியோலீமஸ் என்ற குள்ள முதலையைக் கண்டார். இரண்டு மீற்றரையும் எட்டாத ஒரு விலங்கின் சாயல், ஐந்து மீற்றர் எலும்பில்.

ஆகவே இது குரோகோடைலஸ் அல்ல என்று முடிவுகட்டி, அதற்குப் புதிய பேரினப் பெயர் கொடுத்தார்: வுவாய். மலகாசி மொழியில் முதலை என்று பொருள். தெரணியகல கிம்புலா என்று வைத்ததுபோலவே இவரும் உள்ளூர்ச் சொல்லை எடுத்தார். தமிழ்க் காதுக்கு அதில் வாய் கேட்கிறது. இரு மொழிக்கும் தொடர்பில்லை என்றாலும் அந்தச் சொல்லை ஒருமுறை கேட்டால் எனக்கு மறப்பதில்லை.

எலும்பு வாசிப்பு எப்படி உறவாக மாறுகிறது என்பதைச் சொல்லாமல் போனால் மேலே சொன்னது வெறும் சாயல் ஒப்பீடாகத் தோன்றும். ஆய்வாளர் முதலில் நூற்றுக்கு மேற்பட்ட கூறுகளை வரிசைப்படுத்துவார். இந்த எலும்பு அந்த எலும்பைத் தொடுகிறதா, துவாரத்துக்கு நடுவே தடுப்பு உண்டா, பல்வரிசை எங்கே வளைகிறது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண். பிறகு, மிகக் குறைந்த மாற்றங்களோடு இந்த எல்லா இனங்களும் கிளைத்திருக்கக்கூடிய குடும்ப மரம் எது என்று கணினி தேடும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எல்லாருக்கும் பொதுவாக இருக்கும் கூறு உறவைச் சொல்லாது. பேரனுக்கும் பாட்டனுக்கும் பத்து விரல் இருப்பது அவர்கள் ஒரே குடும்பம் என்பதற்குச் சாட்சியல்ல. ஊரில் எல்லாருக்கும் பத்து விரல்தான். ஒரு கிளையில் மட்டும் புதிதாகத் தோன்றிய கூறுதான் பேசும். அந்தப் புதிய கூறு இரண்டு கிளைகளில் தனித்தனியாகத் தோன்றியிருந்தால் அது பொய்ச்சாட்சி. எது மெய், எது பொய் என்று எலும்பை மட்டும் பார்த்துச் சொல்வது கடினம்.

2021இல் மரபணு வந்து பேசியது. 1920களின் இறுதியில் பிரெஞ்சு, பிரித்தானிய, அமெரிக்கக் கூட்டுக்குழு ஒன்று தென்மேற்கு மடகஸ்காரில் சேகரித்த வுவாய் எலும்புகள் நியூயோர்க்கில் அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருந்தன. எவொன் ஹெக்காலாவும் குழுவும் அவற்றிலிருந்து பழைய டி.என்.ஏ.யை எடுத்தார்கள். வெப்பமண்டலத்தில் கிடந்த எலும்பில் டி.என்.ஏ. துண்டுதுண்டாகச் சிதைந்துவிடும், அந்த மாதிரிகள் 1300, 1400 ஆண்டுப் பழமையானவை. எலும்புத் தூளிலிருந்து சிறு துண்டுகளைப் பொறுக்கி, தாய்வழி மட்டும் கடத்தப்படும் இழைமணி மரபணுத் தொகுதியைக் கிட்டத்தட்ட முழுதாகக் கட்டியெழுப்பினார்கள். அதை உயிரோடுள்ள முதலைகளோடு ஒப்பிட்டபோது வுவாய் குள்ள முதலையோடு சேரவில்லை. இன்றைய குரோகோடைலஸ் இனங்கள் எல்லாவற்றுக்கும் உடன்பிறந்த கிளையாக, அவற்றின் வாசலுக்கு வெளியே தனித்து நின்றது. பிரிந்த காலம் சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் என்று கணக்கிட்டார்கள்.

அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் புரோஷுவும் ஒருவர். தன் எலும்பு வாசிப்பை மறுக்கும் முடிவில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டவர் அவர். எனக்கு அது பெரிய விடயம்.

கிராந்திதியேரும் வாயானும் முழுத் தவறில்லை, புரோஷுவும் முழுத் தவறில்லை என்பதுதான் இந்த வழக்கின் இப்போதைய நிலை. வுவாய் தனிப் பேரினம் என்பது நிற்கிறது. குரோகோடைலஸ் பக்கத்து உறவு என்பதும் திரும்பிவந்துவிட்டது. விழுந்தது குள்ள முதலையோடு இருந்த நெருக்கம் மட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. இழைமணி மரபணு தாயின் வரலாற்றை மட்டுமே சொல்லும். உட்கரு மரபணுவின் பெரும்பகுதியும் படிக்கப்பட்டால்தான் தந்தையர் வழியும் தெரியும். முதலைகள் இனம் மாறிக் கலப்பவை. கியூபாவில் உள்ளூர் முதலையும் அமெரிக்க முதலையும் இன்றும் கலக்கின்றன. அதனால் இந்த முடிவை உறுதியானது என்று சொல்வேன். இறுதியானது என்று சொல்லமாட்டேன்.

அப்படியென்றால் அந்தக் கொம்பு? கொம்பு உறவைச் சொல்லாது என்பதற்கு மற்ற முதலைகளே சாட்சி. கியூபா முதலைக்கும் சியாம் முதலைக்கும் மண்டையின் பின்மூலை உயர்ந்திருக்கும். தன்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கில் மனித முன்னோரின் எலும்புகளோடு கிடைத்து 2010இல் பெயரிடப்பட்ட அழிந்த முதலைக்கும் அதே மூலைக் கொம்பு. மடகஸ்காருக்கு வடக்கே அல்டாப்ரா பவளத்தீவில் கிடைத்து 2006இல் பெயரிடப்பட்ட சின்னஞ்சிறு முதலைக்கும் கொம்பு. இவை ஒரே கிளையைச் சேர்ந்தவை அல்ல. தலையை நீருக்கு மேல் உயர்த்திப் போட்டியாளனுக்குத் தன்னைப் பெரிதாகக் காட்டும் விலங்கில், பார்வைக்கு எட்டும் எலும்பின் மூலை பல தடவை தனித்தனியே வளர்ந்திருக்கலாம் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

எலும்பும் மரபணுவும் முரண்படுவது முதலைகளில் இது முதல் தடவையல்ல. கங்கையின் கரியலை, அதன் நீண்ட ஒடுங்கிய முகரையைப் பார்த்து, மற்ற எல்லா முதலைகளுக்கும் தூரத்து உறவாக எலும்பியலாளர் வைத்திருந்தார்கள். போர்னியோ, சுமாத்திரா ஆறுகளின் பொய்க்கரியலோடு அதற்கு இருந்த முகச்சாயல் தற்செயல் என்றார்கள். 1980களிலிருந்து புரதமும் பின்னர் மரபணுவும் அவை இரண்டும் உடன்பிறப்புகள் என்றே சொல்லிவந்தன. அங்கே சாயல் உண்மை, வுவாயில் சாயல் பொய். விதி ஒன்றை வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது. ஒவ்வொரு மண்டையையும் தனியே விசாரிக்க வேண்டும்.

இந்த உறவுத் தீர்ப்பு எங்கள் குளத்து முதலையையும் தொடுகிறது. சதுப்பு முதலை, செம்மூக்கன், சியாம் முதலை மூன்றும் ஆசியக் கிளையில் நெருங்கிய உறவினர். குரோகோடைலஸ் பேரினமே ஆசிய, பசிபிக் பக்கத்தில் தோன்றி அங்கிருந்து ஆபிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது என்று 2011இல் வந்த ஒரு பெரிய மரபணு ஆய்வு வாதிட்டது. ஆனால் பேரினத்துக்கு மிக நெருங்கிய உடன்பிறப்பு மடகஸ்காரில் என்றால் தராசு ஆபிரிக்காவின் பக்கம் சாய்கிறது. லிபியாவில் கிடைத்த ஒரு பழைய மண்டையோட்டை 2020இல் ஊடுகதிர் வருடல் மூலம் மறுபடி ஆராய்ந்தபோது, முகரையின் நடுவே அமெரிக்க முதலைகளுக்கு இருப்பதுபோன்ற புடைப்பு தெரிந்தது. ஆபிரிக்காவிலிருந்து அத்திலாந்திக்கைக் கடந்து போனதற்கு அது சாட்சி. வன்னி முதலையின் மூதாதையரும் ஆபிரிக்கா பக்கமிருந்தே வந்தவர்களாக இருக்கலாம். இந்தியாவின் சிவாலிக் மலைப் படிவுகளில் இருந்து 19ஆம் நூற்றாண்டில் ஹியூ பால்கனர் விவரித்த பழைய முதலையின் மண்டையோடு இந்தப் பயணத்தின் நடு நிலையமாக இருக்கலாம். அந்த எலும்புகளைப் புதிதாகப் படிக்கும் வேலை இப்போதுதான் சூடுபிடித்திருக்கிறது.

வேறு தீவுகள் வேறு கதைகளைச் சொல்கின்றன. நியூ கலிடோனியாவில் மெக்கோசுக்கஸ் என்ற சிறு முதலை வாழ்ந்து மனிதர் வந்தபின் மறைந்தது. வனுவாட்டுவில் அதன் உறவினன் சுமார் 3000 ஆண்டுகளுக்கு முன்வரை இருந்தது. பீஜியிலும் ஒன்று. இவை அவுஸ்திரேலியாவிலிருந்து பரவிய, இன்று முழுக்க அழிந்துவிட்ட வேறொரு கிளை. சீஷெல்ஸ் தீவுகளின் கதை எங்களுக்கு இன்னும் கிட்ட. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குடியேறிகள் போனபோது அங்கே முதலைகள் நிறைய இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் சுட்டும் கொன்றும் தீர்த்துவிட்டார்கள். மிஞ்சிய மண்டையோடுகளை நைல் முதலை என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். பிற்பாடு கவனமாகப் பார்த்தபோது அவை செம்மூக்கன். பெந்தோட்டைக் கழிமுகத்தில் கிடப்பதன் இனம், இந்து சமுத்திரத்தைக் குறுக்கே கடந்து அங்கே குடியேறியிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் செய்மதிக் கருவி பொருத்திய ஒரு செம்மூக்கன் நீரோட்டத்தைப் பிடித்து 25 நாட்களில் 590 கிலோமீற்றர் போனது பதிவாகியிருக்கிறது. பெரிய தூரம் போகக்கூடிய விலங்கு தீவில் இருந்தாலும் தனி இனமாவதில்லை. தீவில் அடைபட்டு நிற்கும் கிளைதான் தனித்து வளர்கிறது.

மறுபுறம், ஒரே தீவுக்குள்ளேயே இரண்டு இனம் மறைந்திருந்ததும் உண்டு. நியூகினியின் முதலைகள் வடக்கும் தெற்கும் ஒன்று என்றே இருந்தது. நடுவில் நிற்கும் மலைத்தொடர் அவற்றைப் பிரித்திருப்பதை 2019இல் மண்டையோட்டு அளவுகளே காட்டின. தெற்கு முதலை புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. மண்டையோடுகளைப் பொறுமையாக ஒப்பிட்டுச் செய்த வேலை அது.

வுவாய் எப்படி அழிந்தது? யானைப்பறவையும் நீர்யானையும் பெரிய லீமர்களும் மறைந்த அதே காலத்தில், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் பின்னும், அதுவும் மறைந்தது. மனிதர் பெருகியது, மேய்ச்சலுக்குக் காடெரித்தது, வறட்சி என்று காரணங்களைப் பங்கிடுகிறார்கள். வடமேற்கின் அஞ்சோஹிபே குகையில் ஒரு வுவாய்க் குட்டியின் மண்டையோட்டுப் பகுதிகள் கிடைத்து, 2016இல் விவரிக்கப்பட்டன. நைல் முதலை அந்தத் தீவுக்கு எப்போது வந்தது, கொம்பன் போன பிறகு வெற்றிடத்துக்குள் வந்ததா, இரண்டும் ஒரே ஆற்றில் முகம் பார்த்தனவா என்பது இன்னும் தீராத வழக்கு. மடகஸ்காரின் பழைய மக்கள் பேச்சில் இரண்டு விதமான முதலைகள் இருந்ததாக ஐரோப்பியப் பயணிகள் எழுதிவைத்திருக்கிறார்கள். தடித்தது ஒன்று, மெலிந்தது ஒன்று. அந்தப் பேச்சைப் பொருட்படுத்தியிருந்தால் எலும்புப் பெட்டிகள் அவ்வளவு காலம் கலந்து கிடந்திருக்காது. இடங்கரும் கராமும் மறுபடி நினைவுக்கு வருகின்றன.

இனி வன்னி மண். தெரணியகலவின் மகன் சிரான் தெரணியகல தொல்லியலாளர். இந்தத் தீவின் உலர் கரையோரங்களில் சரளைக்கல் படுக்கையும் அதன்மேல் சிவந்த மணலும் அடுக்காக இருப்பதைக் கண்டு, அந்தப் படிவுக்கு இரணைமடுப் படிவு என்று பெயர் வழங்கச் செய்தவர். தெற்கே பூந்தலையில் அதே படிவில் கிடைத்த கற்கருவிகள் ஒரு இலட்சம் ஆண்டுக்கு மேற்பட்டவை என்று காலம் கணிக்கப்பட்டது. ஆக எங்கள் குளத்தின் பெயர் உலகத் தொல்லியல் நூல்களில் இருக்கிறது. ஆனால் மழைநீர் இறங்கி ஓடும் அந்தச் சிவந்த மணல் கல்லைக் காக்கும், எலும்பைக் கரைத்துவிடும். பழைய முதலையின் மண்டையோடு கிடைக்க வேண்டுமானால் களிமண்ணும் சேறும் மூடிய இடத்தில் தேட வேண்டும். கனகராயன் ஆறு வவுனியாவிலிருந்து இறங்கி, இரணைமடுவை நிரப்பி, வான் பாய்ந்து சுண்டிக்குளம் களப்பில் விழும் வழி முழுக்க அப்படிப்பட்ட மடுக்களும் மோட்டைகளும் இருக்கின்றன. குளம் திருத்தும்போதும் வாய்க்கால் வெட்டும்போதும் பெக்கோ அள்ளிப்போடும் சேற்றை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

இன்றைய முதலையின் மண்டையோட்டுக்கும் அதே அளவு மதிப்பு. வறட்சியில் செத்த முதலை, வலையில் சிக்கிச் செத்த முதலை, வீதியைக் கடக்கையில் அடிபட்ட முதலை எல்லாம் மண்ணோடு போகின்றன. இந்தியச் சதுப்பு முதலைகளின் மண்டையோடுகள் நூதனசாலைகளில் இருக்கின்றன. வடக்கு இலங்கையின் தொடர் அதோடு ஒப்பிடும் அளவுக்குச் சேர்ந்தால், தெரணியகலவின் கிம்புலாவை ஏற்பதா விடுவதா என்ற கேள்விக்கு ஊகத்தால் அல்ல, அளவால் பதில் சொல்லலாம். கடல்மட்டக் கணக்கை வைத்து நான் மேலே சொன்ன தீர்ப்பு தவறாகவும் போகலாம். நியூகினியில் மலை பிரித்ததுபோல இங்கே வேறெதுவும் பிரித்திருக்கக்கூடும். அறிவியல் நகரில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, கையில் எடுக்கும் அளவுகோல் விலை குறைந்தது, குளங்கள் சுற்றிவரக் கிடக்கின்றன.

முதலை சட்டப்படி பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் எலும்பையும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோக முடியாது. வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து, அவர்கள் அனுமதியோடு செய்ய வேண்டியது இது. அலைகரையில் ஒரு மண்டையைக் கண்டால் புரட்ட முன் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தை வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். குளத்தின் பெயர், எந்தத் துருசுக்கு எவ்வளவு தூரம், தேதி மூன்றையும் எழுதுங்கள். கீழ்த்தாடை பெரும்பாலும் விலகிப்போய்க் கிடக்கும். அதையும் தேடி ஒன்றாக வையுங்கள், அது இல்லாமல் பல்வரிசை எப்படிக் கோர்த்தது என்று சொல்ல முடியாது. காய்ந்த குழியிலிருந்து பற்கள் உதிரும், அவற்றைத் தாளில் சுற்றி அந்தந்தப் பக்கம் குறித்து வையுங்கள். பிறகு மண்டையைக் கவிழ்த்து அண்ணத்தின் பின்பக்கத்தையும் ஒரு படம். சேறு அடைத்திருந்தால் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவினால் உள்மூக்குத் துவாரம் தெளிவாகத் தெரியும்.